எரிபொருளற்ற உந்துவிசையா, உமிழா உந்துகையா?

விண்கலம் எதையும் பின்னால் வீசாமல் நகரும் முறைக்கு (propellantless propulsion) தமிழில் "எரிபொருளற்ற உந்துவிசை" என்று நீங்கள் முன்வைத்த சொல் எனக்கு நெருடுகிறது ஐயா. எரிபொருள் வேறு, கலம் முன்னே போகப் பின்னால் வீசும் உந்துபொருள் வேறு. நாசாவின் டான் விண்கலம் சுமந்து போன 425 கிலோ செனான் வாயுவில் துளியும் எரியவில்லை. சூரியத் தகடுகள் தந்த மின்சாரத்தால் அதை அயனியாக்கி, அதாவது மின்னேற்றம் பெற வைத்து, பின்பக்கம் வீசித்தான் கலம் முன்னே போனது. அப்படியென்றால் அந்த அயனி எஞ்சினுக்கே உங்கள் சொல் பொருந்திவிடும். நாம் பெயர் தேடுவதோ எதையும் பின்னால் வீசாமல் நகரும் முறைக்கு.

அப்புறம், உந்துவிசை என்பது நியூட்டனில் அளக்கிற விசை. அதை உண்டாக்கும் முறையை உந்துகை என்போம். ஆகவே என் பரிந்துரை: உமிழா உந்துகை. ஓயா அலை, வாடா மலர் மாதிரி, "அற்ற" போட்டு நீட்டாமல் வாயில் சட்டென்று நிற்கிறது.

ஒளியை வீசி நகர்ந்தால் அதுவும் உமிழ்வதுதானே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. விளக்கைப் பின்பக்கம் திருப்பி வைத்தாலே கலம் நகரும், ஆனால் 1 நியூட்டன் கிடைக்க ஏறத்தாழ 300 மெகாவாட் வேண்டும். அதையும் உள்ளே சேர்க்க வேண்டுமென்றால் "பொருளுமிழா உந்துகை" என்று வைக்கலாம், ஒளி பொருள் இல்லையே.

எனக்கு உண்மையான கவலை வேறு. 2010இல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் விண்கலத்தின், கப்பற்பாய் போல விரிந்த 14 மீட்டர் சதுரப் பாயைச் சூரிய ஒளி வெளியிலிருந்து தள்ளியது. உந்தம் (நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது) எங்கிருந்து வந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எம்டிரைவ் (EmDrive) என்ற எஞ்சின் யோசனை அப்படியில்லை. மூடிய கூம்புப் பெட்டிக்குள் நுண்ணலையை அடைத்துவிட்டு, உள்ளே எதுவும் வராமல் வெளியே எதுவும் போகாமல் கலம் நகரும் என்றார்கள், அது, வெளியிலிருந்து விசை இல்லாமல் மொத்த உந்தம் மாறாது என்னும் உந்த அழிவின்மை விதிக்கே எதிரானது. 2016இல் நாசா ஆய்வாளர்கள் கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் என்று வெளியிட்டார்கள். 2021இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மறுபடி அளந்தபோது, சூட்டில் விசையளக்கும் தராசின் பிடிமானங்கள் வளைந்ததைத்தான் விசை என்று நினைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. பறந்து காட்டிய பாயையும் இதையும் ஒரே சொல்லில் கட்டினால் படிக்கிற மாணவர் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பார். அதனால் பாய்க்குப் "புறவுந்துகை", எம்டிரைவ் வகைக்கு "மூடுபெட்டி உந்துகை" என்று உட்பிரிவு வைத்தே ஆக வேண்டும்.

எழுதும்போது "உமிழாவுந்துகை" என்று சேர்க்காமல் பிரித்தே எழுதலாம், தேடுபவருக்குக் கிடைக்கும். சரி என்றால் அகராதிப் பதிவை நானே எழுதித் தருகிறேன்.