ராஜ்மா நடுவுல வேகவே மாட்டேங்குது, குழம்பும் சேர மாட்டேங்குது – எங்கே தப்பு?

தாளிப்புக்கரண்டி:
வணக்கம். ராஜ்மா மசாலா மூணு தடவையும் ஒரே மாதிரிதான் சொதப்புது. 1 கப் சிவப்பு ராஜ்மா, ராத்திரி 10 மணிக்கு ஊறப்போட்டு காலையில 7 மணிக்கு எடுக்கிறேன். வெங்காயம், தக்காளி வதக்கி, பொடியெல்லாம் போட்டு, ராஜ்மாவையும் அதிலேயே கொட்டி, 3 கப் தண்ணி விட்டு குக்கர்ல 6 விசில். தோல் வெடிச்சுடுது, ஆனா கடிச்சா நடுவுல நறநறங்குது. குழம்பு தண்ணியா ஒரு பக்கம், பயறு ஒரு பக்கம் நிக்குது. வீட்ல போர் தண்ணிதான். ஸ்லோ குக்கர்ல 8 மணி நேரம் வெச்சா சரியாகுமா?

மண்சட்டி:
முதல்ல அந்த ஸ்லோ குக்கர் யோசனையை விட்டுடுங்க. வேகாத ராஜ்மாவுல லெக்டின் வகை நச்சு ஒண்ணு இருக்கு, மத்த பயறுகளை விட சிவப்பு ராஜ்மாவுல ரொம்ப அதிகம். நல்லா தளதளன்னு கொதிச்சாதான் அது அழியும். ஸ்லோ குக்கர் பல நேரம் கொதிநிலைக்கே போகாது. 80 டிகிரி மாதிரி அரைச் சூட்டுல கிடந்தா நச்சோட வீரியம் பச்சையா இருக்கிறதை விடக் கூடவே செய்யும். நாலஞ்சு வேகாத கொட்டை போதும், சில மணி நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு வந்துடும். நடுவுல நறநறங்கிற ராஜ்மாவையும் சாப்பிடாதீங்க, திரும்ப வேகவையுங்க. ஊறவெச்ச தண்ணியைக் கொட்டிட்டுப் புதுத் தண்ணியிலதான் வேகவைக்கணும். ப்ரெஷர் குக்கர்ல முழுசா வெந்துட்டா பயமில்லை.

அடுப்படி:
உங்க செய்முறையில பெரிய தப்பு, பயறையும் தக்காளியையும் ஒண்ணா வேகவைக்கிறது. புளிப்பு பட்டா பயறோட செல்களை ஒட்டிவெச்சிருக்கிற பெக்டின் கரையாது. புளி ஊத்தினப்புறம் மொச்சை வேகாதுன்னு வீட்ல சொல்வாங்கல்ல, அதே கணக்குதான். பயறு முழுசா வெந்தப்புறம்தான் தக்காளி, தயிர், ஆம்சூர் (காய்ஞ்ச மாங்காய்ப் பொடி) எதுவா இருந்தாலும்.

ரெண்டாவது, போர் தண்ணி. அதுல இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் தோலை இறுக்கிடும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் ஆர்.ஓ. தண்ணி எடுங்க. ஊறவைக்கும்போதே 1 லிட்டருக்கு 2 டீஸ்பூன் தூள் உப்பு கலந்துடுங்க. உப்பு போட்டா பயறு வேகாதுங்கிறது தப்பு. உப்புல இருக்கிற சோடியம் தோல்ல இருக்கிற கால்சியத்தோட இடத்தைப் பிடிச்சுக்கும், தோல் இளகும்.

ஊறினதும் ஒரு கொட்டையை நீளவாக்குல கத்தியால பிளந்து பாருங்க. வெட்டின பக்கம் முழுக்க ஈரமா ஒரே நிறமா இருக்கணும். நடுவுல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா காய்ஞ்ச பட்டை தெரிஞ்சா இன்னும் 2, 3 மணி நேரம் ஊறட்டும். 10 மணி நேரம் ஊறியும் பாதி கொட்டை சுருங்கியே கிடந்தா அது பழைய சரக்கு. சூடும் ஈரமும் உள்ள இடத்துல மாசக்கணக்கா கிடந்த பயறு எவ்வளவு வேகவெச்சாலும் சரியா மசியாது.

புதுத் தண்ணி 3 கப், உப்பு 1 டீஸ்பூன், ஒரு பிரிஞ்சி இலை, ஒரு கருப்பு ஏலக்காய். பெருந்தீயில முதல் விசில் வந்ததும் தீயை நல்லா குறைச்சு 20 நிமிஷம். விசில் எண்ணாதீங்க, அது குக்கருக்குக் குக்கர் மாறும். ப்ரெஷர் தானா அடங்கட்டும். கரண்டியால தூக்கி ஆவியை விட்டா உள்ளே தண்ணி குபீர்னு கொதிச்சுத் தோல் பிஞ்சு போகும், மாவு வெளியேறிடும்.

வெந்ததுக்கு அடையாளம்: நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவுல வெச்சு அழுத்தினா பல் படாம மசியணும். அஞ்சாறு கொட்டையை எடுத்துப் பாருங்க, ஒண்ணு வெந்திருந்தா எல்லாம் வெந்திருக்கும்னு இல்லை.

கடுகுடப்பா:
மசாலா என் பங்கு. அந்த 1 கப், அதாவது சுமார் 200 கிராமுக்கு: எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், பொடியா நறுக்கின பெரிய வெங்காயம் 2. மிதமான தீயில 12 முதல் 15 நிமிஷம், நல்ல பழுப்பு நிறம் வர்ற வரைக்கும். கண்ணாடி மாதிரி ஆனதும் நிறுத்திட்டா குழம்பு இனிச்சுக் கிடக்கும், நிறமும் வராது. இஞ்சி பூண்டு விழுது 1 டேபிள்ஸ்பூன், அப்புறம் அரைச்ச தக்காளி 3. மஞ்சள் கால், காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்றரை, மல்லித்தூள் 2 டீஸ்பூன். ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு, கரண்டியால இழுத்தா சட்டியோட அடி தெரியணும்.

இப்ப பயறை வெந்த தண்ணியோட ஊத்துங்க. அதைக் கொட்டிடாதீங்க, குழம்பைச் சேர்த்துப் பிடிக்கிற மாவு அதுலதான் இருக்கு. ரெண்டு கரண்டி பயறைச் சட்டி ஓரத்துலயே நசுக்கி, சிறுதீயில 20 நிமிஷம் விடுங்க. குழம்பும் பயறும் ஒண்ணு சேர்றது இந்த 20 நிமிஷத்துலதான், இதைச் சுருக்கவே சுருக்காதீங்க. கடைசியா கரம் மசாலா அரை டீஸ்பூன், உள்ளங்கையில கசக்கின கசூரி மேத்தி (காய்ஞ்ச வெந்தய இலை) 1 டீஸ்பூன். கொஞ்சம் தளர்வாவே இறக்குங்க, ஆறினா கெட்டியாகும்.

தாளிப்புக்கரண்டி:
ரொம்ப நன்றி. ஆப்ப சோடா போடலாமா? கோடையில ஊறவெச்ச தண்ணி நுரைச்சு வாடை அடிக்குதே, அதுக்கு என்ன பண்றது?

அடுப்படி:
பழைய சரக்குன்னா மட்டும் 1 கப்புக்கு ஒரு சிட்டிகை சோடா. கூடினா சோப்பு வாடை வரும், தோல் கூழாகும், பி1 வைட்டமினும் குறையும். கோடையில ஃப்ரிட்ஜ்ல வெச்சு 12 மணி நேரம் ஊறவையுங்க, நுரைக்காது.

கடுகுடப்பா:
வாங்கும்போது சித்ரா ராஜ்மா கேளுங்க, வெளிர் நிறத்துல சிவப்புப் புள்ளி தெளிச்ச மாதிரி இருக்கும். சீக்கிரம் வேகும், நல்லா குழையும். கருஞ்சிவப்பா சின்னதா வர்ற ஜம்மு வகை ருசி அதிகம். ஜம்மு பக்கம் பதர்வாங்கிற ஊர் ராஜ்மாவுக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சுது. ஜம்மு பக்கம் சாதத்துல ராஜ்மாவை ஊத்தி, மேலே நெய் விட்டு, அனார்தானா சட்னி தொட்டுக்குவாங்க. காட்டு மாதுளையோட காய்ஞ்ச விதையை புதினா, பச்சை மிளகாயோட அரைக்கிறதுதான் அது. ராஜ்மாவோட கனத்துக்கு அந்தப் புளிப்பு வேணும். அனார்தானா கிடைக்கலைன்னா எலுமிச்சை பிழிஞ்ச பச்சை வெங்காயம் வையுங்க.