கீழடிக் குறியீடுகளை வரைந்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது, என்ன செய்யலாம்?

ஓட்டுச்சில்லு:
வணக்கம். கீழடி அருங்காட்சியகம் போய் வந்ததிலிருந்து பானை ஓட்டுக் குறியீடுகள் மண்டைக்குள்ளேயே சுற்றுகின்றன. கேன்வாஸில் அக்ரிலிக்கில் காவி, பழுப்பு, சாம்பல் என்று ஏழெட்டுப் பூச்சு பொறுமையாகப் போட்டு, கடைசியில் மெல்லிய பிரஷ்ஷால் கறுப்பில் மீன், ஏணி எல்லாம் எழுதுகிறேன். பின்னணி தனி, குறி தனி என்று பிரிந்து நிற்கிறது. எங்கே தப்பு?

கரிக்கோடு:
நீங்கள் எழுதுகிறீர்கள், அதுதான் சிக்கல். அந்த ஓடுகளில் யாரும் மை தொட்டு எழுதவில்லை, பெரும்பாலும் சுட்ட பானையில் கூரான எதையோ வைத்துக் கீறியிருக்கிறார்கள். கறுப்பு சிவப்புப் பானை உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, இல்லையா? அதையே அடுக்காக எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் கறுப்பு பூசி நன்றாகக் காயவிட்டு, மேலே செம்மண் நிறத்தைத் தடிப்பாகப் பூசி, ஈரம் போவதற்குள் பிரஷ்ஷின் பின்முனையால் கீறுங்கள். அக்ரிலிக் சட்டென்று இறுகிவிடும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கொஞ்சம் கலந்தால் கைக்கு நேரம் கிடைக்கும். காய்ந்ததும் நீர்த்த சாம்பல் நிறத்தை மேலே ஓடவிட்டுத் துணியால் துடையுங்கள், பள்ளத்தில் மட்டும் தங்கும்.

செம்மண்:
ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? கோயம்புத்தூரில் பிறந்தவர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர். 1963 வாக்கில் ஆரம்பித்த வரிசை அது. ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள், எழுத்து போலத் தெரிந்தாலும் வாசிக்க வராத பொடிக் கிறுக்கல் எல்லாம் சேர்ந்துதான் அங்கே பரப்பே உருவாகிறது, பின்னணி என்று தனியாக ஒன்று இல்லை. திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் படங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது, நான் அங்கே ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஒரே மீனைப் பெரிதாக நடுவில் வைத்தால் அது லோகோ ஆகிவிடும், சிறிதாக்கி நிறையப் போட்டு, பாதியை அடுத்த பூச்சில் மூழ்கவிடுங்கள்.

கரிக்கோடு:
ஆமாம், மூழ்கவிடுவது முக்கியம். அப்புறம் ஒன்று, குறியீட்டையும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தையும் அலங்காரத்துக்காகக் கலந்துவிடாதீர்கள். 'ஆதன்' என்று ஓட்டில் இருந்தால் அது ஒரு ஆளின் பெயர், வாசிக்கத் தெரிந்தவர் வாசிப்பார்.

ஓட்டுச்சில்லு:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். முதல் தடவை அடிக்கறுப்பு சரியாகக் காயாமல் கீறும்போது சேர்ந்து உரிந்து வந்துவிட்டது. அடுத்ததில் மூன்று நாள் விட்டேன். ஏணியின் மூன்றாவது படியில் கை வழுக்கிக் கோடு வெளியே ஓடிப்போனது, அழிக்கவில்லை. அந்த இடம்தான் ஓடு மாதிரியே இருக்கிறது. ரொம்ப நன்றி இரண்டு பேருக்கும்.