இத்தாலியின் மலைகளிலும் நாட்டுப்புறத்திலும் காரில் செல்ல எளிதான வழி எது?

கேள்வி

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில், எழுபது வயதைக் கடந்த என் பெற்றோருடன் ஒன்பது நாள் இத்தாலியில் இருக்கப்போகிறோம். வெரோனாவில் காரை வாடகைக்கு எடுத்து, ஃபுளோரன்சில் திருப்பிக் கொடுப்பதாக எண்ணம். டோலமைட் மலைகளையும் தஸ்கனியின் வயல்வெளிகளையும் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் தொடர்ந்து வந்தால் அம்மாவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்துவிடும். நான் பல ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன் என்றாலும், சாலையின் வலப்பக்கமாக ஓட்டிப் பழக்கமில்லை. விசாரித்தவர்களில் பலர் ஸ்தெல்வியோ கணவாயைத் தவறவிடாதீர்கள் என்கிறார்கள். அம்மாவைத் துன்புறுத்தாமல் மலையைக் காட்ட வழி உண்டா?

மறுமொழி 1

உண்டு. ஸ்தெல்வியோவை மட்டும் விட்டுவிடுங்கள். 2,757 மீட்டர் உயரத்திலுள்ள அந்தக் கணவாய்க்குப் பிராத்தோ பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள் வரும். மேலும், அது டோலமைட் தொகுதியைச் சேர்ந்ததே அன்று. செல்லா, பொர்தோய் முதலிய கணவாய்களும் உங்களுக்கு ஒத்துவராது.

டோலமைட் மலைகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அவை பள்ளத்தாக்கிலிருந்து செங்குத்தாக எழுவதால், அடிவாரச் சாலையில் போகிறவருக்கே அவற்றின் முழு உருவமும் தெரியும். ஆகவே கணவாய் ஏறாமல், ஆறுகள் போன வழியே போங்கள். வெரோனாவிலிருந்து ஏ22 விரைவுச்சாலையில் அதிஜே ஆற்றை ஒட்டிப் போல்சானோ வரை சுமார் 150 கிலோமீட்டர். அங்கிருந்து பிரெசனோனே சென்று, புஸ்தேரியா பள்ளத்தாக்கின் எஸ்எஸ்49 சாலையில் கிழக்கே திரும்பினால் புரூனிக்கோ வழியாகத் தோப்பியாக்கோவை அடையலாம். அகலமான சாலை, மெதுவான ஏற்றம். அந்தப் பகுதியில் ஊர்ப்பெயர்கள் இத்தாலிய மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் எழுதப்பட்டிருக்கும். பிரெசனோனேதான் பிரிக்சன், தோப்பியாக்கோதான் தோப்லாக் என்று முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

தோப்பியாக்கோவிலிருந்து கொர்தினா தம்பேத்சோவுக்குப் போகும் எஸ்எஸ்51 சாலைதான் இந்தப் பயணத்தின் உயிர். வழியில் கடக்கும் சிமாபாங்கே கணவாய் 1,530 மீட்டர்தான், ஏறியதே தெரியாது. லாண்ட்ரோ என்னுமிடத்தில் சாலையோரமாக நிறுத்தினால், த்ரே சீமே எனப்படும் புகழ்பெற்ற மூன்று சிகரங்களும் பள்ளத்தாக்கின் இடுக்கில் தெரியும். அவற்றின் அடிவரை செல்லும் கட்டணச் சாலை செங்குத்தானது என்பதால் அதை அம்மாவுக்காகத் தவிர்க்கலாம். கொர்தினாவிலிருந்து அதே சாலை லோங்கரோனே வழியாக இறங்கி ஏ27 விரைவுச்சாலையில் சேரும். 1963 அக்டோபர் 9 அன்று வாயோந்த் அணையைத் தாண்டிப் பாய்ந்த நீர், லோங்கரோனேயிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சுமார் 2,000 பேரைக் கொண்டுபோனது. சற்றே நின்று செல்லத் தகுந்த இடம்.

மறுமொழி 2

மலைப்பகுதியைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். தஸ்கனியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாட்டுப்புறம் என்றால் நேர்சாலை என்று நினைத்து, ஃபுளோரன்சிலிருந்து சியெனாவுக்குக் கியாந்தி மலைச்சரிவுகளின் எஸ்ஆர்222 சாலையைப் பிடிக்கிறார்கள். அது மிக அழகானது. ஆனால் சிறு சிறு வளைவுகள் ஓயாமல் வருவதால், உங்கள் அம்மாவுக்குப் பெரிய கணவாயைவிட அதுவே அதிகத் தொல்லை தரக்கூடும். சியெனாவுக்குச் சுங்கக் கட்டணமில்லாத நான்கு வழிச் சாலை இருக்கிறது. அதில் சென்று, பின் காசியா சாலையில் தெற்கே சான் குய்ரிக்கோவுக்கு வாருங்கள். அங்கிருந்து பியென்சா வழியாக மொன்தெபுல்ச்சானோ வரை மேட்டின் மீதே ஓடும் சாலையில், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வால் தோர்ச்சா பள்ளத்தாக்கு இருபுறமும் விரிந்து கிடக்கும்.

ஒன்றை மட்டும் அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். படங்களில் காணும் பச்சை ஏப்ரல், மே மாதங்களுக்கு உரியது; செப்டம்பரில் கோதுமை அறுவடை முடிந்து, உழுத களிமண் சாம்பலும் பழுப்புமாக இருக்கும். எனக்கு அந்த நிறமே பிடிக்கும்.

கொர்தினாவிலிருந்து பியென்சாவுக்கு ஒரே நாளில் ஓட்டாதீர்கள். பாதுவாவில் ஓர் இரவு தங்குங்கள். பொலோனியா தாண்டியதும் ஏ1 இரண்டாகப் பிரியும்போது, 2015இல் திறந்த புதிய பாதையைத் தேர்ந்தெடுங்கள். பழைய பாதை காட்சிக்கு நல்லது, ஆனால் வளைவு மிகுந்தது.

மறுமொழி 3

பழைய நகர்மையங்களில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வலயங்கள் உண்டு. இசட்டிஎல் என்ற பலகையைத் தாண்டினால் கேமரா எண்ணைப் பதிந்துகொள்ளும், அபராதம் பல மாதம் கழித்துக்கூட வாடகை நிறுவனம் வழியாக வந்து சேரும். ஆகவே ஃபுளோரன்சில் காரை விமான நிலையத்திலேயே ஒப்படையுங்கள். இத்தாலிய வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவை. வலக்கையால் கியர் மாற்றும் புதுப்பழக்கத்தையும் சேர்த்துச் சுமக்காமல் இருக்க, ஆட்டோமேட்டிக் காரை இப்போதே முன்பதிவு செய்யுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்தெல்வியோவைக் கைவிட்டோம். உயரத்திலிருந்து ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. அதற்கு வளைவில்லாத வழி இருக்கிறதா?

மறுமொழி 1

போல்சானோவில் காரை நிறுத்திவிட்டு, ரெனோன் கம்பிவட ஊர்தியில் ஏறுங்கள். சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்குச் சற்று மேலான உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். மேலே, 1907இல் தொடங்கிய சிறு ரயில் ஒன்று புல்வெளிகளுக்கிடையே ஓடுகிறது. வானம் தெளிந்திருந்தால் அதன் சன்னலிலிருந்தே டோலமைட் சிகரங்கள் தெரியும்.