புதுப்பிப்பு: தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்ட அலுமினியத் துண்டு

எங்கள் கல்லூரி ஆய்வகத்துச் சின்ன ரெயில்கன்னில் (இரண்டு உலோகத் தண்டவாளங்கள் வழியே பெரிய மின்னோட்டம் பாய்ச்சி, காந்தவிசையால் ஒரு துண்டை ஏவும் கருவி) அலுமினிய ஆர்மேச்சர், அதாவது இரண்டு தண்டவாளங்களையும் தொட்டு மின்னோட்டத்தைக் கடத்தியபடி ஓடும் துண்டு, பாதி வழியில் செம்புத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்வது ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

நேற்று காட்பாடியில் தெரிந்த லேத் பட்டறையில் வைத்துக் கழற்றினோம். தொடக்கத்தில் இரண்டு விரற்கடைக்கு அலுமினியம் உருகி, ஈயம் பூசியது போலப் படிந்திருந்தது. அப்புறம் ஒரே கரி, நடுநடுவே ஊசிமுனைக் குழிகள். ஆர்மேச்சருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே இறுக்கம் தளர்ந்து, அந்த இடைவெளியில் பிளாஸ்மா வில் (மின்சாரம் பாயும் கொதிக்கும் வாயு) பற்றியிருக்கிறது. அதற்கு ஏற்ப அலைக்காட்டியிலும் (ஆசிலோஸ்கோப்) முகப்பு மின்னழுத்தம், அதாவது துண்டு வெளியேறும் முனையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான மின்னழுத்தம், சில வோல்ட்டிலிருந்து சட்டென்று பல பத்து வோல்ட்டுக்கு எகிறியிருந்தது. மின்னோட்டம் வடிந்ததும் உருகியது உறைந்து பிடித்துக்கொண்டது.

பிளாஸ்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1978இல் கான்பெராவில் ராஷ்லீ, மார்ஷல் என்ற ஆய்வாளர்கள் பிளாஸ்மாவையே ஆர்மேச்சராக்கி, சுமார் 3 கிராம் பாலிகார்பனேட் துண்டை நொடிக்கு 5.9 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்தினார்கள். படிக்கும்போதே சிலிர்த்தது! ஆனால் வில்லின் சூடு தண்டவாளத்தை அரித்துவிடும். எங்கள் வேகத்துக்கு அது வேண்டாம்.

சரி, இப்போது ஆர்மேச்சரை ‘ப’ வடிவில் கடைந்திருக்கிறோம். இரண்டு கால்களும் தண்டவாளத்தை லேசாக நெருக்கும். மின்னோட்டம் ஏற ஏற காந்தவிசையே அவற்றை வெளிப்பக்கம் அழுத்தும். கோளாறு இறுக்கத்தில்தான் இருக்கும் என்று சொன்ன அண்ணனுக்கு நன்றி. திங்களன்று சோதனை.