மறுமொழி: சிமுலேட்டட் அனீலிங் – 'தணிவுத் தேடல்' சரிவருமா?

வணக்கம்.

'சிமுலேட்டட் அனீலிங்' என்பது, உலோகத்தைச் சூடாக்கி மெதுவாக ஆறவிடும் அனீலிங் வேலையைப் பார்த்துக் கணினியில் நல்ல விடை தேடும் முறை. அதற்குத் தமிழ்ச்சொல் கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த இரண்டு சொற்களுமே எனக்கு உறுத்துகின்றன. 'போலிக் காய்ச்சல்' என்றதும் பள்ளிக்கு மட்டம் போடுகிற பையன்தான் நினைவுக்கு வருகிறான். 'பாவனைக் காய்ச்சியாற்றல்' இன்னும் சிக்கல். அதில் 'ஆற்றல்' என்றால் ஆறவைத்தல். ஆனால் இந்த முறையின் வாய்ப்பாட்டிலேயே ஆற்றல் (எனர்ஜி) என்ற அளவு இருக்கிறது. ஒரே வரியில் இரண்டு ஆற்றல் வந்தால் மாணவர் எதைப் பிடிப்பார்?

கட்டுமானக் கணக்கிலிருந்து தொடங்குவோம். பத்து உறுப்புள்ள ஒரு ட்ரஸ், அதாவது கம்பிகளை முக்கோணங்களாக இணைத்த சட்டகம். பாரம் தாங்க வேண்டும், எடையும் குறைவாக இருக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் பட்டியலில் 42 அளவுகள். மொத்தம் ஏறத்தாழ 170 கோடி கோடி சேர்க்கைகள். நொடிக்கு 1000 சேர்க்கை சோதித்தாலும் 5 லட்சம் ஆண்டுக்கு மேலாகும். அதனால்தான் தேடல்.

எடை குறைகிற பக்கமாகவே போனால் என்ன? ஏற்காட்டில் பனிமூட்டத்தில் இறக்கத்தை மட்டுமே பார்த்து நடப்பவன் ஏரிக்கரையில் போய் நின்றுவிடுவான். அதைவிடத் தாழ்ந்த சேலம் கீழே கிடக்கிறது. ஆனால் அவன் கொஞ்சம் மேடேறத் துணிய வேண்டும். 1983-இல் கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் 'சயன்ஸ்' இதழில் எழுதியது இந்தத் துணிவைப் பற்றித்தான். 'வெப்பம்' என்பது இங்கே தேடலைக் கட்டுப்படுத்தும் ஓர் எண்தான். தொடக்கத்தில் அது அதிகம், எடை கூடிய வடிவத்தையும் பல நேரம் ஏற்கலாம். வெப்பம் குறையக் குறைய அந்த வாய்ப்பும் சுருங்கும்.

எங்கள் சேலத்துப் பெருமைக்காக வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சொல் கிடைக்குமா என்று பார்த்தேன். செவ்வாய்ப்பேட்டை அண்ணன் ஒருவர் சொன்னது: "கம்பி இழுக்க இழுக்க விறைச்சுக்கும், சூடு காட்டுனா இளகிடும். தண்ணியில போட்டுக்கூட ஆத்தலாம்." வெள்ளிக்கு அது போதும். நம் முறைக்கு உயிரே மெதுவாக ஆறுவதில்தான் இருக்கிறது. சட்டென்று ஆற்றினால் ஏரிக்கரையிலேயே மாட்டிக்கொள்வோம்.

அதனால் 'தணிவு'. வெக்கை தணிகிறது, கோபம் தணிகிறது – இரண்டுமே படிப்படியாகத்தான். 'தேடல்' ஒட்டிவிட்டால் இது உலோக வேலை இல்லை என்பது தெரிந்துவிடும். 'போலி', 'பாவனை' எதுவும் தேவையில்லை. குளிர்விக்கும் வேகத்துக்குத் 'தணிவு வீதம்' என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த வகை முறைகளை ஆங்கிலத்தில் 'மெட்டாஹியூரிஸ்டிக்' என்பார்கள். அதன் தாய்ச்சொல்லான ஹியூரிஸ்டிக்குக்கு என் கையில் இருப்பது 'துப்புவழி'. முழு விடை தெரியாது, துப்பு இருக்கிறது, அதைப் பிடித்துப் போகிறோம். 'துப்புக்கெட்ட' என்ற வசவு நினைவுக்கு வரும்தான். துப்பறிவாளரை யாரும் அதற்காகக் கேலி செய்வதில்லையே! மறுப்பு இருந்தால் எழுதுங்கள். 'மெட்டா' முன்னொட்டுக்கு மட்டும் எனக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை.