மகள் ஊருக்குப் போய் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறாளாம்: அங்கே இருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்

ஸ்காபரோ அம்மா:
வணக்கம். மகளுக்கு 17 வயது. இந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்குச் சொந்த இடம் இலங்கையில் வன்னிப் பக்கம் விசுவமடு. பெரியக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார், அதனால் தங்க இடமுண்டு. நானும் கூடப் போவேன். நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணிநேரத் தொண்டு வேலை காட்ட வேண்டும், அதையும் அங்கேயே முடித்துவிடலாம் என்பது அவள் கணக்கு. ரிக்கெற் காசைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் ஒரு வகுப்பறையாவது கட்டலாமே என்பது இவருடைய கணக்கு.

அவளுக்கு வீட்டுத் தமிழ் விளங்கும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும், எழுதப் படிக்கத் தெரியாது. ஜூலை கடைசியில் வெளிக்கிட்டு ஓகஸ்ட் முழுக்க நிற்கலாம் என்று யோசிக்கிறோம். இப்படி வருகிற பிள்ளைகளால் உங்களுக்கு உதவியா, கரைச்சலா?

வன்னி ரீச்சர்:
அக்கா, நான் உங்கள் ஊருக்குக் கிட்டத்தான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். முதலில் திகதியை மாற்றுங்கள். ஓகஸ்டில் எங்களுக்கு இரண்டாம் தவணை விடுமுறை வரும். அதற்கு முந்தின கிழமைகளில் தவணைப் பரீட்சை, அந்த நேரம் வகுப்புக்குள் யார் வந்தாலும் எனக்குக் கோபம்தான் வரும். கொரோனாவும் 2022 பொருளாதார நெருக்கடியும் வந்து கல்வி நாட்காட்டியைக் குழப்பிவிட்டதால் அந்தந்த வருடத்துத் திகதியை அதிபரிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும். உங்களுக்கு ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் முடியும்தானே? முடிந்த கையோடு வந்தால் கொஞ்ச நாளாவது உருப்படியாகக் கிடைக்கும்.

இங்கே ஓகஸ்டில்தான் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஒரே நிற ரீசேட், பதாகை, கொப்பி விநியோகம், படம். படத்துக்காகவே விடுமுறையில் பிள்ளைகளைக் கூப்பிட்டு வெயிலில் நிற்பாட்டியதையும் பார்த்திருக்கிறேன். கொப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு ரொறன்ரோவிலிருந்து ஆள் வரத் தேவையில்லை, புதுக்குடியிருப்புக் கடையிலேயே வாங்கலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டடம் இருக்கிறது. ஆங்கிலம் கதைக்க ஆள்தான் இல்லை. தரம் 10 பிள்ளை பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கும். மழை வருமா என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலையைக் குனியும். வாசிப்பதைக் கேட்க நான் இருக்கிறேன், கதைப்பதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

முந்தி லண்டனிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். அவளை நான் கரும்பலகைக்கு முன்னால் விடவேயில்லை. இலக்கணம் படிப்பிக்க அவளுக்குத் தெரியாது, ஆங்கிலம் வாயில் வருவதால் படிப்பிக்கவும் வரும் என்று இல்லை. இடைவேளையில் மரத்தடியில் ஐந்தாறு பேரோடு இருத்திவிட்டேன். அவளுக்குத் தமிழும் தடுமாறியது, அதுதான் எங்களுக்கு லாபம். நான் கேட்டால் பிள்ளைகள் தமிழுக்குத் தாவிவிடுவார்கள், அவளிடம் அது சரிவராது. கச்சான் எப்படிப் பிடுங்குவது என்று அவளுக்கு விளங்கப்படுத்த ஒரு பொடியன் நிலத்தில் படம் கீறி, கையால் காட்டி, தெரிந்த சொல்லையெல்லாம் கொட்டினான். அவன் வகுப்பில் வாயே திறக்காதவன். ஆகவே உங்கள் மகளின் தமிழைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இன்னொன்று. வருகிற பிள்ளைகள் முள்ளிவாய்க்கால் கதை கேட்க ஆசைப்படுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் இப்போது தரம் 10இல் இருப்பவர்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு ரொறன்ரோவில் பனி எவ்வளவு கொட்டும், பேருந்தில் காசு எப்படிக் கட்டுவது என்பதுதான் கதை. அந்தக் காலத்தைக் கண்டது அவர்களின் தாய்மார், அவர்களாகக் கதைத்தால் கேட்கட்டும், துருவ வேண்டாம். உங்கள் பெரியக்காவிடமே நிறையக் கதை இருக்கும்.

குரோய்டன் பொடியன்:
ரீச்சர் சொல்வது சரி, ஆனால் விடுமுறை ஓகஸ்டில்தான் கிடைக்கும் என்றால் போகாமல் விடுவதா? போகட்டும். தொண்டு என்ற பெயரைக் கழற்றிவிட்டுச் சொந்தக்காரரைப் பார்க்கப் போகட்டும், நல்லூர்த் திருவிழாவையும் பார்க்கலாம். நான் இருபது வயதில் போனபோது பெரியப்பாவின் கடையில் நின்று சாமான் நிறுத்துக் கொடுத்தேன். ஊர் பிடிபட்டது அங்கேதான்.

சிறுவர் இல்லம் எதிலாவது சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்பேன். அங்கே இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால்தான் விட்டிருக்கிறார்கள். மாதத்துக்கொரு புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அவர்கள் யாரோடு ஒட்டுவது?

மார்க்கம் மாமா:
40 மணிநேரம் பற்றி: பள்ளியின் பட்டியலில் இல்லாத வேலை என்றால் தொடங்குவதற்கு முன்பே அதிபரின் அனுமதியை எழுத்தில் வாங்க வேண்டும். செய்துவிட்டு வந்து கடிதம் காட்டினால் ஏற்காமலும் விடலாம். சுற்றுலா விசாவும் வேலைக்கான விசா அல்ல, சம்பளம் இல்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். கேட்டுக்கொண்டு போங்கள்.

ஸ்காபரோ அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ஜூலை முதல் கிழமைக்கு விலை பார்க்கிறேன், ஓகஸ்டை விட மலிவாகவும் இருக்கிறது, இவருக்கு அது போதும். ரீச்சர், பள்ளிக்கூடத்தில் யாரிடம் முதலில் கேட்பது? உடுப்பு எப்படி? அவள் சீலை கட்டினதே இல்லை.

வன்னி ரீச்சர்:
அதிபருக்கு இப்போதே எழுதுங்கள். அவராகவே வெளியாரை உள்ளே விட முடியாது, வலயக் கல்வி அலுவலகத்தின் சம்மதம் வேண்டும், அது மெதுவாகத்தான் நகரும். பிள்ளையின் பெயர், வயது, யார் வீட்டில் நிற்பாள், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை என்று ஒரு பக்கம் போதும். "கல்வித் தரத்தை உயர்த்த" என்று தொடங்காதீர்கள், எங்கள் அதிபருக்கு அந்த வசனத்தைக் கண்டால் பிடிக்காது. சீலை ஆசிரியைகளுக்குத்தான். அவளுக்குச் சுடிதார் போதும், பருத்தியில் எடுங்கள். ஜூலையில் காத்து அடிக்கும், ஆனால் சூட்டுக் காத்து. மாணவர்களைப் படம் எடுத்து இணையத்தில் போடுவதில்லை என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

திரும்பிப் போன பிறகு கிழமைக்கு ஒருநாள் வட்ஸ்அப்பில் அரை மணிநேரம் கதைப்பாளா என்று இப்போதே கேட்டுச் சொல்லுங்கள். ஓம் என்றால் நான் தரம் 9 பிள்ளைகளைச் சேர்ப்பேன், தரம் 11இல் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இல்லை என்றாலும் வரட்டும், தரம் 10ஓடு இருத்துகிறேன்.