டூரிங் சைக்கிளில் அதிர்வைக் குறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சுமையோடு நாள் முழுக்க ஓட்டும்போது கரடுமுரடான சாலையின் அதிர்வு அப்படியே கைக்கு ஏறுகிறது. மாலைக்குள் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகின்றன. உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் அல்நார் நரம்பு அழுத்தப்பட்டால் இப்படி ஆகும் என்பதால், இதை லேசாக விட மனமில்லை.

ஸ்டீல் ஃபிரேம், அலுமினிய ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), டிஸ்க் பிரேக், 700சி சக்கரம், 32 மி.மீ. டயர். நான், சைக்கிள், பைகள் எல்லாம் சேர்த்துச் சுமார் 110 கிலோ. காற்று பின்னால் 75 பிஎஸ்ஐ, முன்னால் 60. இன்னும் இறக்கினால் குழியில் ரிம் இடித்து டியூப் பஞ்சர் ஆகிறது.

அகலமான டயர்தான் முதல் மருந்து என்பது என் கணிப்பு. உள்ளே காற்றின் அளவு கூடினால் குறைந்த அழுத்தத்திலும் ரிம் தப்பிக்கும். ஃபிரேமில் 38 மி.மீ. டயர் வரை இடம் உண்டு. ஆனால் மட்கார்டோடு 35தான் நுழையும். மழையில் ஓட்டுகிறவனுக்கு மட்கார்டு இல்லாமல் முடியாது. அதனால் 650பி சக்கரத்துக்கு (700சியைவிட விட்டம் சிறியது, அகலமான டயர் போட இடம் தரும்) மாறலாமா என்று யோசிக்கிறேன். மாறியவர்கள் இருக்கிறீர்களா? சக்கரம் சிறிதாவதால் வளைவில் பெடல் தரையில் தட்டுகிறதா?

ஹேண்டில்பாரில் டேப்பை இரட்டையாகச் சுற்றியதில் கொஞ்சம் பலன் தெரிந்தது. சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் (அதிர்வு தாங்கும் சீட் கம்பி) இடுப்புக்கு நல்லது, சரி, கைக்கு உதவாதே! ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மில் அதிர்வு தாங்கும் வகை, அதாவது சஸ்பென்ஷன் ஸ்டெம், எப்படி? முன்னால் கனமான பை தொங்கும்போது ஹேண்டில் ஊசலாடுமா? அதைவிட ஃபோர்க்கையே ஸ்டீலுக்கு மாற்றுவது மேலா? இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.